பர்ஸ் காலியாகாமல் பசுமை வாழ்க்கை சாத்தியமா? கரண்ட் பில் முதல் மஞ்சப்பை வரை ஒரு வீட்டுக் கணக்கு

மூங்கில் டூத் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, ஆர்கானிக் காட்டன் சட்டை, கூரையில் சோலார், வாசலில் எலெக்ட்ரிக் கார். சுற்றுச்சூழலுக்கு உகந்த வாழ்க்கை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இந்தப் பட்டியல்தான். அதனாலேயே "அதெல்லாம் வசதியானவங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று நடுத்தரக் குடும்பங்கள் ஒதுங்கிக்கொள்கின்றன.

ஆனால் ஒரு வீட்டில் இருந்து வெளியாகும் கார்பனும் குப்பையும் பெரும்பாலும் எங்கிருந்து வருகின்றன? மின்சாரம், சமையல் எரிவாயு, பெட்ரோல், வீணாகும் உணவு. நான்குமே மாதா மாதம் காசு கேட்பவை. இவற்றைக் குறைத்தால் செலவும் குறையும், மாசும் குறையும். அப்படியானால் கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் எவ்வளவு தூரம் போக முடியும்? எந்த இடத்தில் இந்தக் கணக்கு இடிக்கிறது?

கரண்ட் பில்: 500 யூனிட் என்ற கோடு

தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் அடுக்கடுக்காகக் கட்டணம் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காத விஷயம், 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குகளுக்கான சலுகையும் பறிபோய்விடும் என்பதுதான்.

2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த கட்டண அட்டவணையை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். அதன்படி 500 யூனிட் வரை பயன்படுத்திய வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50 ரூபாய், 401 முதல் 500 வரை 6 ரூபாய். மொத்தம் 1,725 ரூபாய். அதே வீடு 510 யூனிட் பயன்படுத்தினால் 101 முதல் 400 வரை முழுக்க 4.50 ரூபாய், 500க்கு மேல் 8 ரூபாய் என்று கணக்கு மாறும். பில் 2,030 ரூபாய்.

அதாவது கூடுதலாக ஓடிய 10 யூனிட்டுக்கு 305 ரூபாய். யூனிட்டுக்கு 30 ரூபாய்க்கும் மேல்! 2024 ஜூலையில் கட்டண விகிதம் கொஞ்சம் உயர்ந்தது, ஆனால் இந்த அடுக்கு முறை அப்படியே தொடர்ந்தது.

அந்த 10 யூனிட் எங்கிருந்து வருகிறது? டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டு செட்டாப் பாக்ஸை அப்படியே விட்டுவிடும் வீடுகள் ஏராளம். ஒரு செட்டாப் பாக்ஸ் 10 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யாரும் டிவி பார்க்காத 18 மணி நேரத்துக்கு தினமும் 0.18 யூனிட். 60 நாளில் 10.8 யூனிட். சுவரில் இருக்கும் சுவிட்சை அணைக்க ஒரு பைசா செலவில்லை.

இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரம் உற்பத்தியாகும்போது சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. காரணம், நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னமும் நிலக்கரியில் இருந்துதான் வருகிறது. ஆக, அணைக்கப்படும் ஒவ்வொரு சுவிட்சுக்கும் பின்னால் எங்கோ கொஞ்சம் நிலக்கரி எரியாமல் மிச்சமாகிறது.

ஏசி: 20ல் வைப்பதா, 24ல் வைப்பதா?

ஏசி இருக்கும் வீட்டில் மற்ற எல்லா சிக்கனத்தையும் தூக்கிச் சாப்பிடக்கூடியது ஏசிதான். ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் சுமார் 6% மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி திறன் பணியகம். இதனால்தான் 2020 ஜனவரி முதல் விற்பனையாகும் ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்கும்படி விதி கொண்டுவரப்பட்டது. ஆனால் ரிமோட் நம் கையில் இருக்கிறதே!

ஓர் இரவுக்கு 8 யூனிட் இழுக்கும் ஏசியை 20 டிகிரியில் இருந்து 24க்கு மாற்றினால் ஏறக்குறைய 2 யூனிட் மிச்சம். கோடையில் இரண்டு மாதத்துக்குச் சுமார் 115 யூனிட். மேல் அடுக்குக் கட்டணத்தில் இது 900 ரூபாயை ஒட்டி வரும். கார்பன் கணக்கில் சுமார் 80 கிலோ. கூடவே சீலிங் ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் 24 டிகிரியிலும் குளிர்ச்சி குறைந்ததாகத் தெரியாது.

சிலிண்டரும் சமையலறையும்

14.2 கிலோ சிலிண்டர் ஒன்று முழுவதும் எரிந்தால் சுமார் 42 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். பருப்பு, கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைப்பது, பாத்திரத்தை மூடி வைத்துச் சமைப்பது, கொதி வந்ததும் தீயைக் குறைப்பது, பிரிட்ஜில் இருந்து எடுத்ததை உடனே அடுப்பில் ஏற்றாமல் கொஞ்ச நேரம் வெளியே வைப்பது. இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு கிடையாது. பாட்டி காலத்துப் பழக்கம்தான்.

ஆனால் கணக்குப் போட்டால் பலன் தெரியும். 40 நாளுக்கு வரும் சிலிண்டர் 45 நாளுக்கு வந்தால், வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சிலிண்டர் மிச்சம்.

வீணாகும் உணவு இன்னொரு பெரிய ஓட்டை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024ல் வெளியிட்ட உணவு வீணாதல் அறிக்கையின்படி, 2022ல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60% வீடுகளில் இருந்து வந்தது. இந்தியாவில் வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்கிறது அந்த அறிக்கை. நான்கு பேர் உள்ள வீட்டில் 220 கிலோ. இதில் தோல், எலும்பு போன்ற சாப்பிட முடியாத பகுதிகளும் சேர்த்தி என்றாலும், தினமும் அரை கிலோவுக்கு மேல் குப்பைக்குப் போகிறது என்பதே உண்மை.

அப்படிப் போகும் உணவு குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் அழுகும்போது மீத்தேன் உருவாகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு இது. சென்னையில் மட்டும் தினமும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. கொடுங்கையூரும் பெருங்குடியும் மலையானது இப்படித்தான்.

வாரத்துக்கு ஒருமுறை பிரிட்ஜைக் காலி செய்துவிட்டுப் பிறகு காய்கறி வாங்குவது, மிஞ்சிய சாதத்துக்குத் தண்ணீர் ஊற்றி மறுநாள் பழைய சோறாக்குவது, தோல்களை ஓட்டை போட்ட பழைய பக்கெட்டில் காய்ந்த இலையோடு போட்டு மக்கவைப்பது. எதற்கும் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. கடைகளில் விற்கும் ஆயிரக்கணக்கான ரூபாய் கம்போஸ்ட் டப்பா செய்யும் வேலையை அந்தப் பக்கெட்டும் செய்யும்.

மஞ்சப்பை: புதுசா, பழசா?

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. கோயம்பேடு சந்தை உட்படப் பல இடங்களில் 10 ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரங்களும் வந்தன.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி உண்டு. பருத்தி விளைவிக்கத் தண்ணீர், உரம், மின்சாரம் எல்லாம் வேண்டும். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011ல் வெளியிட்ட ஆய்வில், ஒருமுறை பயன்படுத்தும் சாதாரண பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதல் கணக்கில் சிறந்ததாக இருக்க, ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று தெரியவந்தது. டென்மார்க் அரசின் 2018 ஆய்வில் இதே கணக்கு 52 முறை என்று வந்தது.

அப்படியென்றால் பிளாஸ்டிக் பையே மேல் என்று அர்த்தமா? இல்லை. பிளாஸ்டிக் பையால் வரும் பெரிய சிக்கல் கார்பன் கிடையாது. அது மழைநீர் வடிகாலை அடைக்கிறது, மாட்டின் வயிற்றுக்குள் போகிறது, நுண்துகளாகி மண்ணிலும் கடலிலும் தங்கிவிடுகிறது. அந்தக் கணக்கில் துணிப்பைதான் ஜெயிக்கும்.

ஆனால் கடைக்குப் போகும்போதெல்லாம் மறந்துவிட்டு புதுத் துணிப்பை வாங்கி, வீட்டில் முப்பது பைகளைச் சேர்த்துவைத்தால் பயன் குறைவு. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சப்பை, பழைய வேட்டி, கிழிந்த புடவையில் தைத்த பை ஆகியவைதான் உண்மையான பசுமைப் பை. அவற்றின் விலை பூஜ்யம். பைக் டேங்க் கவரிலோ ஹேண்ட்பேக்கிலோ ஒன்றை நிரந்தரமாக வைத்துக்கொள்வதுதான் இதில் உள்ள ஒரே வேலை.

'பசுமை' என்ற லேபிளுக்குக் கூடுதல் விலை ஏன்?

இந்த மஞ்சப்பைக் கணக்கு எல்லாப் பொருளுக்கும் பொருந்தும். வீட்டில் நன்றாக இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களைத் தூக்கிப்போட்டுவிட்டு கண்ணாடி ஜாடி வாங்குவதால் குப்பை கூடத்தான் செய்யும். ஓடிக்கொண்டிருக்கும் போனை மாற்றினாலும் இதே கதை. ஒரு ஸ்மார்ட்போன் தன் ஆயுளில் ஏற்படுத்தும் கார்பனில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே வெளியாகிவிடுகிறது. பேட்டரி மட்டும் மாற்றி இரண்டு வருடம் கூடுதலாக ஓட்டுவது, 'மறுசுழற்சிப் பொருளில் செய்த' புதுப் போனைவிட நல்லது. மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் தெருமுனை ரிப்பேர் கடையில் சரிசெய்யும் பழக்கம் நம் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. மேலை நாடுகள் இப்போது சட்டம் போட்டுத் திரும்பக் கொண்டுவர முயலும் விஷயம் இது.

'நூறு சதவீதம் இயற்கை', 'பூமிக்கு உகந்தது' போன்ற விளம்பரங்களைப் பார்த்து ஏமாறுவதும் நடக்கிறது. ஆதாரமில்லாமல் இப்படி விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்த, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. பசுமை என்று சொல்லும் நிறுவனம் அதற்கான ஆதாரத்தையும் தர வேண்டும் என்கின்றன அந்த விதிகள். லேபிளுக்காகக் கூடுதல் விலை கொடுக்கும் முன், அந்த ஆதாரம் எங்கே என்று கேட்கலாம்.

எந்த இடத்தில் கணக்கு இடிக்கிறது?

'சுற்றுச்சூழலைக் காத்தால் காசும் மிச்சம்' என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. குறைந்தது நான்கு இடங்களில் இது தடுமாறுகிறது.

முதலில் கையில் காசு வேண்டும். சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் சுமார் 30 வாட்தான். தினமும் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 40 யூனிட் மிச்சம். ஆனால் சாதாரண ஃபேனைவிட ஆயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதல் விலை. 8 ரூபாய் அடுக்கில் இருக்கும் வீட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு நான்கைந்து பில்லில் திரும்பிவிடும். 4.50 ரூபாய் அடுக்கில் இருந்தால் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். 100 யூனிட்டுக்குள் ஓட்டும் வீட்டுக்கு? எப்போதும் திரும்பாது. அவர்களுக்குத்தான் பில்லே வருவதில்லையே. எனவே ஓடுகிற ஃபேனைக் கழற்ற வேண்டாம். பழையது போனபிறகு அடுத்தது வாங்கும்போது ஸ்டார் லேபிளைப் பார்த்து வாங்குவதே கட்டுப்படியாகும் வழி.

வாடகை வீடு. 2024ல் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் கூரை சோலாருக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால் கூரை சொந்தமாக இருந்தால்தான் அது பயன்படும். அப்பார்ட்மென்ட்டில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருப்பவருக்கு இது வெறும் செய்தி.

சில நேரம் கெடுதலான பொருளே மலிவு. ஷாம்பு சாஷே இதற்கு நல்ல உதாரணம். கடலூர் சின்னிகிருஷ்ணன் முன்னோடியாக இருந்து பிரபலமாக்கிய இந்தச் சின்னப் பாக்கெட், ஏழை வீடுகளுக்கும் ஷாம்புவைக் கொண்டுசேர்த்தது. பல அடுக்குகளால் ஆன அந்த உறையை மறுசுழற்சி செய்வது மிகக் கடினம். ஆனாலும் மில்லி கணக்குப் பார்த்தால், பல பிராண்டுகளில் பாட்டிலைவிட சாஷேதான் மலிவு. தினக்கூலிக்குப் போகிறவரிடம் "பாட்டில் வாங்குங்க" என்று அறிவுரை சொல்வது நியாயமா? விலையை அப்படி வைத்தது அவர் இல்லையே.

மிச்சமாகும் காசுக்கு யாருடைய உழைப்பு? குப்பையைப் பிரிப்பது, தோலை மக்கவைப்பது, துணிப்பையைத் துவைப்பது, வாட்டர் ஃபில்டர் வெளியேற்றும் தண்ணீரைப் பிடித்துத் தரை துடைப்பது. ரூபாய் செலவில்லை என்றாலும் நேரம் செலவாகிறது. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். பசுமை வாழ்க்கை என்ற பெயரில் வரும் புது வேலைகளும் அந்த 289 நிமிடத்தின் மேலேயே ஏறினால், அது இலவசம் என்று சொல்ல முடியாது. குப்பை பிரிக்கும் பக்கெட்டும் மாலையில் சுவிட்சுகளை அணைக்கும் பொறுப்பும் வீட்டு ஆண்கள் கைக்கு வந்தால்தான் கணக்கு நேராகும்.

தனி ஆள் மாறினால் உலகம் மாறுமா?

இந்தியர் ஒருவரின் சராசரி கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றம் ஆண்டுக்குச் சுமார் 2 டன். உலக சராசரி 4.5 டன்னுக்கு மேல். அமெரிக்கர் ஒருவருக்குச் சுமார் 14 டன். பேருந்தில் போய், ஒரே ஃபேனில் குடும்பமே தூங்கும் வீடு ஏற்கெனவே சிக்கனமாகத்தான் வாழ்கிறது. அந்த வீட்டிடம் 'இன்னும் குறை' என்று கேட்பதில் நியாயமில்லை. கேட்க வேண்டியது, மூன்று ஏசியும் இரண்டு காரும் உள்ள வீட்டிடம்.

ஒவ்வொருவரும் தங்கள் 'கார்பன் தடத்தை' அளக்க வேண்டும் என்ற பேச்சை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியதில், 2000களில் பி.பி. என்ற எண்ணெய் நிறுவனம் நடத்திய விளம்பரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எண்ணெய் விற்பவர் மீதிருந்த பார்வை, எண்ணெய் வாங்குபவர் மீது திரும்பியது என்பது அதன் மீதான விமர்சனம். அதற்காகத் தனிமனிதர் செய்வது வீண் என்றும் ஆகிவிடாது. மக்களின் நுகர்வு சார்ந்த துறைகளில் மாற்றம் வந்தால் 2050க்குள் அத்துறைகளின் வெளியேற்றம் 40 முதல் 70% வரை குறைய வாய்ப்புள்ளது என்று ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழு 2022ல் சொன்னது. ஆனால் அதற்கான வசதியும் கொள்கையும் இருந்தால் மட்டுமே என்பதையும் சேர்த்தே சொன்னது.

தமிழ்நாட்டிலேயே இதற்கு இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, 2021 மே மாதம் தொடங்கிய பெண்களுக்கான கட்டணமில்லா நகரப் பேருந்துப் பயணம். இதனால் பெண்கள் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு தெரிவித்தது. சுற்றுச்சூழல் திட்டம் என்று யாரும் இதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் ஒருவர் பைக்கில் தினமும் 20 கிலோமீட்டர் போய்வந்தால் மாதம் சுமார் 11 லிட்டர் பெட்ரோலும் 25 கிலோ கார்பனும் செலவு. பேருந்து நேரத்துக்கு வந்தால், அந்தப் பயணத்தில் காசும் கார்பனும் சேர்ந்தே குறைகின்றன.

இன்னொன்று, டாஸ்மாக் காலி பாட்டில் திட்டம். நீலகிரி காடுகளில் உடைந்த பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழித்த பிரச்சினை சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் முறை 2022ல் நீலகிரியில் தொடங்கியது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பிவந்தன. குடிப்பவர்கள் திடீரென்று சூழல் ஆர்வலர்களாக மாறிவிடவில்லை. 10 ரூபாய் அந்த வேலையைச் செய்தது. பால் பாக்கெட்டுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் ஷாம்பு உறைக்கும் இதே முறை ஏன் வரக்கூடாது என்ற கேள்வி அதிலிருந்தே எழுகிறது.

சரி, எங்கிருந்து தொடங்கலாம்?

செலவே இல்லாதவற்றைப் பலன் அதிகமானதில் இருந்து வரிசைப்படுத்தினால் இப்படி வரும்:

- ஏசி உள்ள வீடு: 24 டிகிரிக்குக் கீழே போகாமல் இருப்பது.
- பைக், கார் உள்ள வீடு: வாரத்தில் இரண்டு நாளாவது பேருந்து, ரயில், பக்கத்துக் கடைக்கு நடை.
- எல்லா வீடும்: அளவாகச் சமைப்பது, மிஞ்சியதைத் தீர்ப்பது, மக்கும் குப்பையைத் தனியே பிரிப்பது.
- மூடி போட்டு, ஊறவைத்து, சின்னத் தீயில் சமைப்பது.
- இரவு தூங்கும் முன் டிவி, செட்டாப் பாக்ஸ், சார்ஜர் சுவிட்சுகளை அணைப்பது.
- எதையும் வாங்கும் முன் 'ரிப்பேர் பண்ணலாமா, இரவல் கிடைக்குமா?' என்று ஒரு கேள்வி.
- பையில் எப்போதும் ஒரு பழைய துணிப்பை.

இந்தப் பட்டியலில் வாங்க வேண்டிய பொருள் ஒன்றுகூட இல்லை. மூங்கில் பிரஷும் ஸ்டீல் ஸ்ட்ராவும் கடைசியில்கூட இடம்பிடிக்கவில்லை.

மாற்றம் தெரிகிறதா என்று பார்க்க செயலியோ கால்குலேட்டரோ தேவையில்லை. இ.பி. அட்டையில் இருக்கும் போன முறை ரீடிங்கும், சிலிண்டர் மாட்டிய தேதியைக் குறித்த காலண்டரும் போதும். ஓடிய யூனிட் குறைந்து, சிலிண்டர் வரும் நாட்கள் கூடினால், வீட்டின் பங்கு முடிந்தது. சாஷே விலையும் பேருந்து வரும் நேரமும் யார் பொறுப்பு என்று கேட்பது, அதற்கு அடுத்த வேலை.